சர்ப்பகந்தி வேர் புகட்டிய பாடம்

சித்தம் கலங்கியோர்க்குச் சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரைக் கொடுத்தல் பாரத நாட்டு வைத்தியரின் பழைய வழக்கம். கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் 1931ஆம் ஆண்டில் அதன் ஆற்றலை மருத்துவ ஏடொன்றில் விளக்கினர். 1952ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து அறிஞர் அவ்வேரிலிருந்து றிசேர்ப்பின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். ஈராண்டில் அது அமெரிக்க உளநோய் மருத்துவமனைகளிலும் புகுந்தது.

கொந்தளித்த நோயாளர் பலர் அமைதியுற்றனர். ஆயினும் சிலருக்குக் கைகால்கள் விறைத்து நடுங்கின, குருதியழுத்தம் தாழ்ந்தது. வேறு சிலரை ஆழ்ந்த மனச்சோர்வு பற்றியதெனவும் மருத்துவர் குறித்தனர். நலஞ்செய்த மருந்து தீங்கும் செய்தது ஏன்?

விடை முயல்களிடம் கிடைத்தது. சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் குழுவினர் றிசேர்ப்பின் செலுத்திய முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. எல்-டோப்பா என்னும் பொருளைச் செலுத்தவே அவை எழுந்து நடமாடின. இது 1957ஆம் ஆண்டில் வெளியாயிற்று. எல்-டோப்பா மூளையில் டொப்பமீனாக மாறுவது. டொப்பமீனோ நரம்புகளிடையே செய்தி சுமப்பது. றிசேர்ப்பின் அதனை வற்றச் செய்தமையாலேயே உடல் விறைத்தது.

இவ்வறிவு பார்க்கின்சன் நோய்க்கு எல்-டோப்பாவை மருந்தாக்கியது. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசை ஈட்டித் தந்தது. றிசேர்ப்பின் உளமருத்துவத்தில் வழக்கொழிந்தது. எனினும் அதற்குப்பின் வந்த மருந்துகள் பலவும் டொப்பமீனின் செயலைத் தடுப்பனவே. ஆகலின் விறைப்பும் நடுக்கமும் அவற்றாலும் நேர்வதுண்டு.

எனவே நோயாளர் தம் உபாதையை மறைத்தலும், மருந்தைத் தாமே நிறுத்துதலும் தகா. வைத்தியரிடம் உரைத்தல் வேண்டும். வைத்தியரும் அதனை வெறும் முறைப்பாடெனத் தள்ளலாகாது. நோயாளரின் நடுக்கத்தின் பின்னே மூளையின் மறைபொருளொன்று இருந்ததன்றோ!