பழுது உணரி

பல கணினிகள் வலைப்பின்னலில் சேர்ந்து ஒரே வேலையைப் பார்க்கும்போது, அவற்றில் எது நின்றுபோயிருக்கும் என்று மற்றவற்றுக்குச் சொல்லும் மென்பொருள் பகுதி பழுது உணரி. செய்தி இத்தனை நேரத்தில் சேரும் என்ற வரம்பு இல்லாத அமைப்பை ஒத்திசைவற்ற அமைப்பு என்பர். அங்கே ஒரு கணினி பதில் தராவிட்டால், அது நின்றுவிட்டதா, தாமதிக்கிறதா என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல வழியில்லை.

காங்கேயத்தில் தேங்காய் உலர்களம் நடத்துபவர் விவசாயிக்கு யுபிஐயில் பணம் அனுப்பும்போது இந்தச் சிக்கல் செல்போன் திரையிலேயே தெரிந்துவிடும். அனுப்பியவர் கணக்கில் பணம் பிடித்தாகிவிட்டது. வரவு வைக்கச் சொல்லி விவசாயியின் வங்கிக்கு நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷனின் சுவிட்சிலிருந்து செய்தியும் போய்விட்டது. பதில் மட்டும் வரவில்லை. வரவு வைக்கும் முன்பே அந்த வங்கியின் சர்வர் நின்றிருக்கலாம். வரவு வைத்த பிறகு பதில் வழியில் தொலைந்திருக்கலாம். தோல்வி என்று காட்டினால் அவர் மறுபடி அனுப்புவார், பணம் இரண்டு முறை போகும். வெற்றி என்று காட்டினால் விவசாயி வெறுங்கையோடு நிற்க நேரிடும். திரையில் வரும் ‘பெண்டிங்’ பயனரை எரிச்சலூட்டினாலும், அந்த நொடியில் சொல்லத்தக்க உண்மை அது ஒன்றே. பணம் வரவாகாமல் நின்றிருந்தால், பெறுபவரின் வங்கி அதை மறுநாளுக்குள் தானாகவே திருப்பிவிட வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தது.

ஒத்திசைவற்ற அமைப்பில் ஒரே ஒரு கணினி நின்றுபோகக்கூடும் என்றாலும், எல்லாக் கணினிகளும் ஒரே முடிவுக்கு வந்தே தீரும் என உறுதிதரும் நிர்ணயமான வழிமுறை இருக்க முடியாது என்று ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் 1985இல் நிறுவினர். இதிலிருந்து மீள வழி காட்டியவர்களில் ஒருவர் கான்பூர் ஐஐடியில் படித்த துஷார் சந்திரா. கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவரும் சாம் டூக்கும் உணரி தவறிழைக்கலாம் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டார்கள். நின்றுபோன கணினியை அது என்றைக்காவது சந்தேகிக்கத் தொடங்கி, பின்பு அதை விடாதிருக்க வேண்டும். ஒரு கட்டத்துக்குப் பிறகு, நன்றாக இயங்கும் ஒரு கணினியையாவது எவரும் சந்தேகிக்கக் கூடாது. பாதிக்கு மேற்பட்ட கணினிகள் இயங்கினால், ஒருமித்த முடிவுக்கு இவ்வளவே போதும். இதைவிடக் குறைந்த தகவல் போதாது என்பதை அவ்விருவருடன் ஹட்சிலாகோஸ் என்பவரும் சேர்ந்து நிறுவினார். இரு ஆய்வுகளும் 1996இல் முழுமையாக வெளிவந்தன. 2010இல் டைக்ஸ்ட்ரா பரிசு பெற்றன.

நடைமுறையில் ஒவ்வொரு கணினியும் குறித்த இடைவெளியில் ‘இருக்கிறேன்’ என்று செய்தி அனுப்பும். காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் வீண் சந்தேகம் பெருகும். கூட்டினால் உண்மையான பழுது தாமதமாகவே தெரியும். ஹயாஷிபரா குழுவினர் 2004இல் முன்வைத்த உணரி, செய்திகள் வந்த இடைவெளிகளைக் கணக்கில் கொண்டு சந்தேகத்தின் அளவை எண்ணாகத் தருகிறது. எந்த எண்ணைத் தாண்டினால் நடவடிக்கை என்பதைப் பயன்படுத்துபவரே முடிவுசெய்வார். கசாண்ட்ரா தரவுத்தளத்தில் இருப்பது இந்த முறைதான்.