மூச்சை அமர்த்துவது குற்றமா?



சில மாதங்களுக்கு முன்பு, ஆராதனை முடிந்தபின் மூத்த சகோதரி ஒருவர் காத்திருந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். கணவரை அடக்கம்பண்ணிய நாள்முதல் அவருக்குச் சரியான உறக்கம் இல்லை. இரவு ஒன்றரை மணிக்கு விழிப்பு வந்துவிட்டால் விடியும்வரை கண் மூடுவதில்லை. மருத்துவர் அவரைப் பரிசோதித்துவிட்டு, படுக்குமுன் சற்று நேரம் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விட்டுப் பழகும்படி சொல்லியிருந்தார். "ஐயா, இது வேறு மார்க்கத்தாருடைய பயிற்சி அல்லவா? இதைச் செய்தால் என் விசுவாசத்துக்குக் குறைவு வருமோ என்று பயமாயிருக்கிறது" என்றார்.

நான் அவசரத்தில் இருந்தேன். "எதற்கு அம்மா அதெல்லாம்? ஜெபம்பண்ணிவிட்டுப் படுங்கள், போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் அப்படியே செய்தார், உறங்காமலே செய்தார். அடுத்த மாதம் அவருடைய முகத்தைக் கண்டபோது, ஆராயாமல் சொன்ன பதில் ஒருவருடைய இரவுகளை எவ்வளவு நீளமாக்கிவிடும் என்பதை உணர்ந்தேன். அதன்பின்தான் சபைச் சரித்திரத்தை எடுத்து வாசித்தேன். அந்தச் சகோதரியின் கேள்வியைச் சபை ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறது. அரசனும் ஆயர்களும் கூடிய சங்கத்தில் வழக்காடியும் இருக்கிறது. அந்த வழக்கை இந்த வாரம் உங்களோடு சேர்ந்து நினைவுகூர விரும்புகிறேன்.

முதலில் வேதத்தின் அடித்தளத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் மண்ணால் உருவான மனிதன் ஜீவாத்துமாவானது, தேவன் அவன் நாசியில் ஊதிய சுவாசத்தினால்தான். எபிரெயத்தில் 'ரூவாக்', கிரேக்கத்தில் 'நியூமா' ஆகிய சொற்கள் காற்றையும் மூச்சையும் ஆவியையும் ஒருங்கே குறிக்கின்றன. நம் தமிழும் இதில் பின்தங்கவில்லை. 'ஆவி' என்றால் மூச்சு, உயிர், ஆன்மா எல்லாம்தான். 'உயிர்த்தல்' என்பதற்குப் பழந்தமிழில் மூச்சுவிடுதல் என்ற பொருளும் உண்டு. உறக்கத்தைப்பற்றியும் வேதம் கூச்சப்படாமல் பேசுகிறது. சூரைச்செடியின் கீழ்ச் சாக விரும்பின எலியாவுக்குத் தேவன் முதலில் புத்திசொல்லவில்லை. அவன் உறங்கினான், எழுப்பப்பட்டான், புசித்தான், மறுபடியும் உறங்கினான். மெல்லிய சத்தம் அவனுக்குக் கேட்டது அதற்குப் பிறகுதான்.

இனி சரித்திரத்துக்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டில் சீனாய் மலையடிவாரத்து மடத்தின் தலைவராயிருந்தவர் யோவான் கிளிமாக்கஸ். பரலோகத்தை நோக்கிய முப்பது படிகளாக அவர் எழுதிய 'ஏணி' என்னும் நூலே அவருக்குப் பெயராகவும் அமைந்தது. 'கிளிமாக்ஸ்' என்பதற்குக் கிரேக்கத்தில் ஏணி என்று பொருள். அந்த நூலின் இருபத்தேழாம் படி 'ஹெசிக்கியா' பற்றியது. தமிழில் அதை 'அமர்ந்திருத்தல்' எனலாம். இயேசுவின் நினைவு நம் ஒவ்வொரு மூச்சோடும் சேர்ந்திருக்கவேண்டும் என்று அங்கே அவர் போதிக்கிறார். வேறொரு படியில், இயேசுவின் பெயரைச் சொல்லும் சிறு ஜெபம் நம்மோடுகூடவே உறங்கவும் நம்மோடுகூடவே விழிக்கவும் வேண்டும் என்கிறார்.

இங்கே ஒரு உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். இந்தத் துறவிகள் உறக்கத்தைத் தேடி மூச்சைப் பழக்கவில்லை. அவர்கள் இரவெல்லாம் விழித்திருந்து ஜெபித்தவர்கள், உறக்கத்தோடு போராடியவர்கள். அவர்கள் தேடியது சிதறிய மனம் ஒன்றுசேர்வதை. ஆனால் நள்ளிரவில் நம்மை உறங்கவிடாமல் அலைக்கழிப்பதும் அதே சிதறிய மனந்தானே? கட்டவேண்டிய கடன், பிள்ளையின் திருமணம், சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை, வெறுமையாய்க் கிடக்கும் பக்கத்துக் கட்டில் என்று மனம் இருட்டில் அலைகிறது. அவர்களுடைய நோயும் நம்முடைய நோயும் ஒன்றே. ஆகவே அவர்கள் கண்ட மருந்தை நாம் விசாரிப்பதில் தவறில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டு அத்தோஸ் மலையில் நிக்கெபோரஸ் என்னும் துறவி அந்த மருந்தை ஒரு முறையாக எழுதிவைத்தார். அவருடைய போதனையின் சாரம் இது: ஓரிடத்தில் அமர்ந்துகொள், உன் மனதைச் சேர்த்துக்கொள், மூச்சு உள்ளே செல்லும் வழியில் மனதையும் அதனோடு இருதயத்துக்குள் இறக்கு, அங்கே அது சும்மா இராதபடி, தேவகுமாரனாகிய இயேசுவின் இரக்கத்தைக் கேட்கும் சிறு ஜெபத்தை அதற்குக் கொடு. அவருக்குப் பின்வந்த சீனாயின் கிரெகரி, தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து தலைகுனிந்து இப்படி ஜெபிக்கக் கற்பித்தார்.

இந்த முறையின்மேல்தான் 1330-களில் வழக்கு எழுந்தது. தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்கு வந்திருந்த பர்லாம் என்பவர் பெரிய கல்விமான்; தத்துவத்திலும் கணிதத்திலும் தேர்ந்தவர்; தாமும் ஒரு துறவி. அத்தோஸ் மரபைச் சேர்ந்த எளிய துறவிகள் சிலர் தலைகுனிந்து மூச்சைக் கவனித்து ஜெபிப்பதை அறிந்தபோது அவருக்கு அருவருப்பு உண்டாயிற்று. அவர்களுக்கு அவர் வைத்த பட்டப்பெயர் 'தொப்புளில் ஆன்மாவை உடையவர்கள்' என்பது. தேவன் ஆவியாயிருக்க, நாசிக்கும் வயிற்றுக்கும் ஜெபத்தில் என்ன வேலை? உடலை மறந்து மனதை மேலே உயர்த்துவதல்லவா ஜெபம்? இதுவே அவருடைய வாதத்தின் அடிப்படை. அன்பானவர்களே, அன்றைக்கு நான் அந்தச் சகோதரிக்குச் சொன்ன பதில் பர்லாமின் பதிலிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

துறவிகளுக்காக எழுந்து பேசியவர் கிரெகரி பலமாஸ். அரண்மனைச் சூழலில் வளர்ந்து, இருபது வயதளவில் உலகைத் துறந்து அத்தோஸுக்குச் சென்றவர். 1338-க்கும் 1341-க்கும் இடையில், மும்மூன்றாக அமைந்த ஒன்பது கட்டுரைகளில் அவர் பதில் எழுதினார். மூச்சைப்பற்றி அவர் சொன்னவற்றுள் மூன்று காரியங்கள் இன்றும் நமக்கு உதவுகின்றன.

முதலாவது, உடல் இழிவானதல்ல. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தில், சரீரம் பரிசுத்த ஆவியானவரின் ஆலயம் என்கிறார். ஆலயத்துக்குள் மனதைக் கொண்டுவருவது எப்படித் தீட்டாகும் என்று பலமாஸ் கேட்டார். மழைக்காக ஜெபித்த எலியா தன் முகத்தை முழங்கால்களுக்கிடையே வைத்ததையும் எடுத்துக்காட்டினார்.

இரண்டாவது, இது தொடக்கநிலையில் உள்ளோருக்கான துணை. கற்றுக்கொள்ளத் தொடங்குபவனுடைய மனம் சேர்த்த மறுகணமே சிதறிப்போகிறது. அப்படிப்பட்டவனுக்கு, இடைவிடாமல் வந்துபோகும் மூச்சைக் கவனிப்பது ஒரு கைப்பிடியைப் போன்றது. கைப்பிடியே படிக்கட்டாகிவிடாது.

மூன்றாவது, பலமாஸ் நுட்பமாகக் கவனித்த ஓர் இயற்கை. ஒருவன் ஒன்றை ஆழ்ந்து சிந்திக்கும்போது, அவன் முயலாமலே அவனுடைய மூச்சு மெல்லியதாகிறது. உடலும் மனமும் அமர்ந்திருப்பவர்களுக்கு இது இன்னும் அதிகமாய் நிகழ்கிறது. மனம் அமர்ந்தால் மூச்சு அமர்கிறது என்றால், மூச்சு அமர்வது மனதுக்கும் உதவும். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. நாம் இப்படி உருவாக்கப்பட்டிருக்கிறோம், அவ்வளவே.

1341 ஜூன் 10 அன்று, கான்ஸ்டான்டிநோபிளின் ஹாகியா சோபியா பேராலயத்தில் பேரரசர் மூன்றாம் அந்திரோனிக்கஸ் தலைமையில் சங்கம் கூடியது. வழக்கு மூச்சைப்பற்றியது மட்டுமல்ல. தேவனை மனிதன் மெய்யாகவே அனுபவித்து அறியக்கூடுமா, மறுரூப மலையில் சீஷர்கள் கண்ட ஒளி எத்தகையது என்னும் ஆழமான கேள்விகளும் அதில் இருந்தன. தீர்ப்பு பர்லாமுக்கு எதிராய் அமைந்தது. அவர் இத்தாலிக்குத் திரும்பி, மேற்குத் திருச்சபையில் ஆயரானார். ஐந்தே நாளில் பேரரசர் இறந்துபோக, உள்நாட்டுப் போர் மூண்டது. வென்ற பலமாஸ் சில ஆண்டுகள் சிறையில் அடைபட்டார். பின்பு 1347-ல் தெசலோனிக்கேயின் பேராயரானார். 1351-ல் கூடிய சங்கம் அவருடைய போதனையை மீண்டும் உறுதிசெய்தது.

கிழக்குத் திருச்சபையில் மட்டுமே இப்படி நடந்தது என்று எண்ணவேண்டாம். மேற்கில் இக்னேஷியஸ் லொயோலா எழுதி 1548-ல் அச்சான ஆன்மிகப் பயிற்சி நூலிலும், கர்த்தருடைய ஜெபத்தின் ஒவ்வொரு சொல்லையும் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையே நிறுத்தித் தியானிக்கும் முறை ஒன்று உண்டு. அதேவேளையில் அனுபவமுள்ள ஆசான்கள் எச்சரிக்கவும் தவறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் துறவிகளின் நூல்தொகையை ரஷ்ய மொழியில் தந்த தியோபான் என்னும் ஆயர், மூச்சை அடக்கும் முறைகளைப்பற்றிய பகுதிகளில் சிலவற்றை விட்டுவிட்டார். வழிகாட்டி இல்லாதவர்கள் முறையையே பிடித்துக்கொண்டு ஜெபத்தை இழந்துவிடுவார்கள் என்ற கவலையே அதற்குக் காரணம்.

மருத்துவமும் பின்னர் இவ்விடம் வந்து சேர்ந்தது. இத்தாலியின் லுச்சியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆரோக்கியமான 23 பேர் லத்தீன் மொழியில் ஜெபமாலை ஜெபத்தைச் சொன்னபோதும், ஒரு யோக மந்திரத்தைச் சொன்னபோதும், அவர்களுடைய மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்து, இதயமும் இரத்தநாளங்களும் இயங்கும் தாளங்கள் ஒன்றோடொன்று இசைந்தன. சாதாரணமாக ஓய்விலிருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுகிறார். மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றே விரைகிறது. வெளியே விடும்போது தளர்கிறது. ஆகவேதான் நீண்டு மெல்லச் செல்லும் வெளிமூச்சு உடலை ஓய்வுக்கு ஆயத்தப்படுத்துகிறது.

இரண்டு மார்க்கத்தாருடைய சொற்களும் உடலில் ஒரே விளைவைத் தந்தனவே என்று சிலர் கலங்கலாம். கலங்கவேண்டியதில்லை. பிராணாயாமத்துக்கு அதற்கே உரிய மரபும் நோக்கமும் உண்டு. அதை நாம் இகழவும் வேண்டாம், நம்முடையதென்று சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் நுரையீரல் எந்த மார்க்கத்துக்கும் சொந்தமானதல்ல. மழையைப்போல மூச்சும் எல்லாருக்கும் பொதுவாய்த் தரப்பட்டது. நம் விசுவாசம் மூச்சின் எண்ணிக்கையில் இல்லை. அந்த மூச்சோடு நாம் யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பதில் இருக்கிறது.

அப்படியானால் இன்றிரவு என்ன செய்யலாம்? விளக்கை அணைத்தபின் வசதியாய்ப் படுத்துக்கொள்ளுங்கள். நாசி வழியாக நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாய் விடுங்கள். மூச்சை அடக்கவேண்டாம், வலிந்து நீட்டவும் வேண்டாம். தலைசுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாய் மூச்சுவிடுங்கள். சில நிமிடங்கள் கழித்து எண்ணிக்கையை விட்டுவிட்டு, உள்மூச்சில் 'இயேசுவே' என்றும், வெளிமூச்சில் 'இரங்கும்' என்றும் மனதுக்குள் சொல்லுங்கள். உறக்கம் வந்துவிட்டதா என்று சோதித்துக்கொண்டே இராதேயுங்கள். உறக்கத்தைத் துரத்துகிறவனிடமிருந்து அது ஓடிப்போகும். இருபது நிமிடமளவு ஆகியும் கண்ணயராவிட்டால், எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமைதியாய் அமர்ந்திருந்து, உறக்கம் வரும்போது மறுபடியும் படுங்கள்.

வாரத்துக்கு மூன்று இரவுகளாவது உறக்கமின்மை தொடர்ந்து, மூன்று மாதம் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வருவதை வீட்டார் கண்டால் உடனே சொல்லச்சொல்லுங்கள். அதற்கு மூச்சுப்பயிற்சி மருந்தல்ல. மருத்துவரிடம் போவது அவிசுவாசமல்ல. நிருபங்களில் நாம் சந்திக்கும் லூக்காவும் ஒரு வைத்தியரே.

அந்தச் சகோதரியின் வீட்டுக்குச் சென்று, என் பதில் தவறென்று சொல்லி, இந்தச் சரித்திரத்தை அவருக்கு விவரித்தேன். பலமாஸ் என்னும் பெயர் அவர் நாவில் நிற்கவில்லை. "அப்படியானால் நமக்கு முன்னே ஜனங்கள் இதைச் செய்திருக்கிறார்கள், அல்லவா ஐயா?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். இப்போதும் எல்லா இரவும் அவர் உறங்குவதில்லை. துக்கம் அவ்வளவு எளிதில் போகாது. ஆனால் விழித்திருக்கும் வேளையில் தனியாயிருப்பதாகத் தோன்றுவதில்லை என்கிறார்.

நூற்றிருபத்தேழாம் சங்கீதம் உறக்கத்தைக் கர்த்தர் தமக்குப் பிரியமானவனுக்குத் தரும் ஈவாகக் கூறுகிறது. ஈவை நம்மால் உண்டாக்க முடியாது. கையைத் திறந்து வைத்திருக்க மட்டுமே முடியும். மெதுவாய் விடும் ஒரு மூச்சு அப்படித் திறந்த கையாய் இருக்கட்டும்.

ஜெபிப்போம்: எங்கள் நாசியில் ஜீவசுவாசத்தை ஊதின பிதாவே, இந்த இரவிலே கண் மூடமுடியாமல் தவிக்கிற ஒவ்வொருவரையும் நினைத்தருளும். எங்கள் சரீரத்தைப் பகையாய் எண்ணாமல் உமது ஆலயமாய்க் காக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். உறங்கினாலும் விழித்திருந்தாலும் எங்கள் மூச்சு உம்முடைய கரத்தில் இருக்கிறதென்று நம்பி இளைப்பாறச் செய்யும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.