பெஞ்சமின் புளூம்: பிரமிடுக்குள் மாட்டிக்கிட்ட மனுஷர்

பி.எட். படிச்சவங்க யாரையாவது நடுராத்திரியில் தட்டி எழுப்பி "புளூம்" என்று மட்டும் சொல்லிப் பாருங்க. கண்ணைத் திறக்காமலேயே அறிதல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடுதல் என்று ஆறையும் வரிசையா ஒப்பிச்சுட்டு மறுபடி தூங்கிடுவாங்க. மனப்பாடத்துக்கு மேலே இன்னும் அஞ்சு படி இருக்குன்னு சொன்ன மனுஷரையே நாம மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கோம் :-)

பி.எட். பக்கம் போகாதவங்களும் தப்பிக்க முடியாது. இன்ஜினியரிங் படிக்கிற பசங்களோட வினாத்தாளை வாங்கிப் பாருங்க. பல கல்லூரிகளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஓரத்தில் கே1, கே2, கே3 என்று போட்டிருக்கும். அதுவும் இவர் வழி வந்ததுதான்.

ஆனா இந்தப் பதிவு அந்த ஆறு படியைப் பற்றியது இல்லை. 1956இல் அதைப் போட்டுக் கொடுத்த பிறகு அந்த மனுஷர் சும்மா உட்காரவில்லை. அடுத்த முப்பது வருஷம் வேற ஒரு கேள்வியின் பின்னால் அலைந்தார். எங்க அக்கா பல வருஷம் டீச்சரா இருந்தவங்க. அவங்க கிட்ட அந்தக் கேள்வியைச் சொன்னப்போ, "இதை ஏன் எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை?"ன்னு கேட்டாங்க. அந்த ஆதங்கத்தில் எழுதுவதுதான் இது.

பரீட்சை ஆபீசர்

பெஞ்சமின் புளூம் பிறந்தது 1913இல், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லான்ஸ்ஃபோர்டு என்ற ஊரில். ரஷ்யாவில் இருந்து குடியேறிய யூதக் குடும்பம். அப்பா படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் தொழிலாளி. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலையில் 1935இல் இளங்கலை, முதுகலை இரண்டையும் முடித்தார். அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் போனார். அங்கே இழுத்தது ரால்ஃப் டைலர் என்ற பேராசிரியர்.

டைலரைப் பற்றி நாலு வரி சொல்லியாகணும். 1930களில் அமெரிக்காவில் முப்பது பள்ளிகளை எடுத்துக்கொண்டு எட்டு வருஷம் ஒரு சோதனை நடந்தது. வழக்கமான கல்லூரி நுழைவு நிபந்தனைகளைத் தளர்த்தி, "உங்க இஷ்டப்படி பாடம் நடத்துங்க, பிள்ளைங்க கல்லூரியில் எப்படித் தேறுறாங்கன்னு பார்க்கலாம்" என்று பள்ளிகளுக்குச் சுதந்திரம் கொடுத்த சோதனை. அதில் மதிப்பீட்டுக் குழுவுக்குத் தலைவர் டைலர். அவர் ஆசிரியர்களிடம் கேட்ட கேள்வி ரொம்ப எளிமை: "இந்தப் பாடம் முடிஞ்சதும் பிள்ளைக்கு என்ன செய்ய வரணும்னு நினைக்கறீங்க? அதை முதலில் சொல்லுங்க, பரீட்சையை அப்புறம் பார்க்கலாம்."

புளூம் 1942இல் முனைவர் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷமே சிகாகோ பல்கலையின் தேர்வாளர் பதவி. 1959 வரை பதினாறு வருஷம் அதில் இருந்தார். அந்தக் கால சிகாகோ கல்லூரியில் ஒரு விசித்திரம் உண்டு. பாடம் நடத்துறவர் மார்க் போட மாட்டார். தனியாக ஒரு தேர்வுக் குழு இருக்கும். வருஷக் கடைசியில் அது வைக்கும் பெரிய பரீட்சைதான் முடிவு சொல்லும். ஆக, கல்வி ஆராய்ச்சியில் பெரிய பேர் எடுத்த இந்த ஆள், அடிப்படையில் ஒரு பரீட்சை ஆபீசர்!

அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் செய்த ஒரு காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. லோயிஸ் பிராடர் என்பவரோடு சேர்ந்து மாணவர்களைக் கூப்பிட்டு, பரீட்சைக் கணக்கைக் கையில் கொடுத்து, "மனசுக்குள் ஓடுறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே போடுங்க" என்றார். விடையைத் திருத்தாமல், விடைக்கு முன்னால் நடப்பதைக் காதால் கேட்டார். நல்லாப் போடுற பையனுக்கும் தடுமாறுற பையனுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த விஷயங்களில் மட்டும் இல்லை. கேள்வியை அணுகும் பழக்கத்திலும் இருந்தது. ஒருத்தன் கேள்வியை உடைத்துப் பார்க்கிறான், இன்னொருத்தன் சட்டென்று ஒரு விடைக்குத் தாவுகிறான். அந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதையும் பார்த்தார்கள். 1950இல் புத்தகமாக வந்தது. பின்னால் அவர் செய்த எல்லாவற்றுக்கும் விதை இதுதான் என்பது என் எண்ணம்.

ஆறு படி வந்த கதை

1948இல் பாஸ்டனில் உளவியலாளர் மாநாடு. அங்கே கூடிய கல்லூரித் தேர்வாளர்களுக்கு ஒரு நடைமுறைக் கஷ்டம். எல்லாரும் தனித்தனியாக மண்டையை உடைத்துக் கேள்வி தயாரிக்கிறார்கள். கேள்விகளைப் பரிமாறிக்கொண்டால் வேலை மிச்சம். ஆனால் "புரிதல்" என்று ஒருத்தர் சொல்வதும் இன்னொருத்தர் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டாமா? அதற்கு ஒரு பொதுப் பட்டியல் வேண்டும். அவ்வளவுதான் ஆரம்பம். எட்டு வருஷ வேலைக்குப் பிறகு, 1956இல் புத்தகம் வந்தது. அட்டையில் புளூமோடு எங்கல்ஹார்ட், ஃபர்ஸ்ட், ஹில், கிராத்வோல் என்று இன்னும் நாலு பேர் உண்டு. புத்தகத்தை டைலருக்குக் காணிக்கை ஆக்கினார்கள்.

இன்னொரு சங்கதி. நாம எல்லாரும் பார்க்கிற அந்தக் கலர் கலர் பிரமிடு அந்தப் புத்தகத்தில் கிடையாது. பின்னால் வந்தவர்கள் வரைந்தது. 2001இல் புளூமின் மாணவர் லோரின் ஆண்டர்சனும் பழைய கூட்டாளி கிராத்வோலும் சேர்ந்து ஆறையும் வினைச்சொற்களாக மாற்றி, "உருவாக்குதல்" என்பதை உச்சியில் வைத்தார்கள். அதைப் பார்க்க புளூம் இல்லை, 1999இல் காலமாகிவிட்டார்.

இந்தியாவுக்கு வந்தார்

இங்கே நம்ம ஊர் கதையும் வந்து சேருது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நீண்ட காலம் இருந்த டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952இல் இடைநிலைக் கல்விக் குழு அமைந்தது. அடுத்த வருஷம் அது கொடுத்த அறிக்கை, பரீட்சைதான் நம்ம பள்ளிகளை ஆட்டிப்படைக்குதுன்னு வெளிப்படையாகவே சொன்னது. அதைத் தொடர்ந்து நடந்த சீர்திருத்த முயற்சியில்தான் புளூம் அழைக்கப்பட்டார். 1957இல் ஃபோர்டு அறக்கட்டளை ஆதரவில் வந்து, மதிப்பீடு பற்றிப் பயிலரங்குகள் நடத்தினார். 1958இல் மத்தியத் தேர்வுப் பிரிவு தொடங்கியது. பின்னால் அது 1961இல் பிறந்த என்.சி.இ.ஆர்.டி.க்குள் போய்ச் சேர்ந்தது.

அங்கிருந்து ஆசிரியர் பயிற்சிக்குள் இறங்கியதுதான் "அறிவு, புரிதல், பயன்பாடு, திறன்" என்ற நாலு தலைப்பு. வினாத்தாளுக்கு புளூ பிரிண்ட் போடும் பழக்கமும் அந்த வழியில் வந்ததுதான். எந்தத் தலைப்புக்கு எத்தனை மார்க், எந்தப் பாடத்தில் எத்தனை கேள்வி என்று கட்டம் கட்டிப் போடுவது. கேள்வி கேட்கும் விதத்தை ஒழுங்குபடுத்தணும்னு வந்த கட்டம், "எந்தப் பாடத்தை விட்டாலும் பாஸ் பண்ணலாம்"னு பசங்களுக்கு வழிகாட்டுற கட்டமா மாறின கதையை நம்ம பசங்களே சொல்லுவாங்க. இதில் புளூமைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. நம்ம பொதுத் தேர்வின் வேலை சீட்டுக்கு ஆள் வடிகட்டுவது. கேள்வியின் வடிவத்தை மட்டும் மாற்றினால் வடிகட்டி எப்படி மாறும்?

மணி வடிவ வளைகோடு

புளூமையே அரித்ததும் அந்த வடிகட்டிதான் என்று தோணுது. 1964இல் அவர் எழுதிய புத்தகத்தில், மனிதர்களின் இயல்புகள் எந்த வயதில் எவ்வளவு உருவாகின்றன என்று நீண்டகால ஆய்வுகளை அலசினார். சின்ன வயசுச் சூழல்தான் பெரிய அளவில் தீர்மானிக்குது என்றார். அடுத்த வருஷம் அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்காக ஹெட் ஸ்டார்ட் திட்டம் தொடங்கியது. அதற்கு வலு சேர்த்த ஆராய்ச்சிகளில் இதுவும் ஒன்று.

1963இல் ஜான் கரோல் என்பவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். "திறமை" என்பதை அவர் வேறு மாதிரிப் பார்த்தார். ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் போக முடியும் என்பது அல்ல. ஒரு விஷயத்தைக் கற்க அதுக்கு எவ்வளவு நேரம் வேணும் என்பதுதான் திறமை. புளூம் இதைப் பிடித்துக்கொண்டார். எல்லாருக்கும் ஒரே நேரம், ஒரே மாதிரிப் பாடம் என்றால் விளைவு கூடக் குறையத்தான் இருக்கும். விளைவு ஒரே மாதிரி வேண்டுமென்றால் நேரமும் உதவியும் கூடக் குறையக் கிடைக்கணும்.

1968இல் வந்த அவருடைய கட்டுரையில், மார்க் போடும்போது நாம் கும்பிடுகிற மணி வடிவ வளைகோட்டில் கை வைத்தார். தற்செயலாக நடக்கும் காரியங்கள்தான் அந்த வடிவத்தில் பரவும். கற்பித்தல் என்பது திட்டமிட்டுச் செய்யும் காரியம். அது பலித்தால் மார்க் மணி வடிவில் வரக்கூடாது! அப்படியே வந்தால் நம்ம முயற்சி தோற்றுவிட்டது என்று அர்த்தம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நாம் கற்பிப்பதை முழுசாகக் கற்க முடியும் என்பது அவர் வாதம்.

பதினாறு வருஷம் பரீட்சை வைத்த ஆள் சொல்கிறார் இதை!

வழி என்ன? பாடத்தைச் சின்னச் சின்ன அலகாகப் பிரி. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சின்னச் சோதனை. அதில் மார்க் கணக்கு இல்லை, எங்கே இடறுதுன்னு கண்டுபிடிக்க மட்டும். இடறின இடத்தை வேற விதமாகச் சொல்லிக்கொடு. மறுபடி ஒரு வாய்ப்புக் கொடு. அப்புறம் அடுத்த அலகு. நம்ம பள்ளிகளில் "வளரறி மதிப்பீடு" என்று சொல்கிறோமே, அதன் ஆதி எண்ணம் இதுதான். நடைமுறையில் அது சார்ட் ஒட்டுவதும் பதிவேடு எழுதுவதுமாக முடிகிறது என்று புலம்பாத டீச்சரை நான் பார்த்ததில்லை.

இரண்டு சிக்மா

1984இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்னைக்கும் சண்டையைக் கிளப்புது. அவருடைய மாணவர்கள் இரண்டு பேரின் முனைவர் பட்ட ஆய்வுகள் அடிப்படை. சாதாரண வகுப்பு ஒன்று, மேலே சொன்ன முறையில் நடத்திய வகுப்பு ஒன்று, ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தது ஒன்று. தனியாகச் சொல்லிக்கொடுத்ததில் சராசரி மாணவனே சாதாரண வகுப்பின் 98 சதவீதம் பேரைத் தாண்டிப் போனான். அதே பிள்ளைங்களால் முடியும் என்று தெரிஞ்சு போச்சு. வகுப்புக்குள் அதைச் செய்வது எப்படி என்பதுதான் அவர் வைத்த சவால்.

அந்த எண் அவ்வளவு பெரிசு இல்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. 2011இல் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, தனிப்பயிற்சியின் பலன் 0.8 சிக்மா அளவுதான் வந்தது. 1987இல் ராபர்ட் ஸ்லாவின் இன்னொரு நியாயமான கேள்வியும் கேட்டார்: பள்ளிக்கூட நேரம் வரையறை உள்ளது, மெதுவா வர்றவனுக்குக் கொடுக்கிற நேரத்தை வேகமா வர்றவன் கிட்ட இருந்து தானே எடுக்கணும்? இதற்கு புளூமிடம் முழுப் பதில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனா 0.8 கூட சாமானியம் இல்லைங்க. வகுப்பின் நடுவில் இருக்கிற பையனை முதல் கால்வாசிக்குள் கொண்டுபோய் நிறுத்தும் அளவு அது.

கடைசியாக 1985இல் ஒரு புத்தகம். பியானோ, சிற்பம், நீச்சல், டென்னிஸ், கணிதம், நரம்பியல் ஆராய்ச்சி என ஆறு துறைகளில் உச்சம் தொட்ட 120 பேரின் வாழ்க்கையைத் தோண்டினார்கள். சின்ன வயசிலேயே "அதிசயக் குழந்தை" என்று பேர் வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லாருக்கும் பொதுவாக இருந்தது கூடவே நின்ற பெற்றோர், ஆசையை வளர்த்த முதல் ஆசிரியர், அப்புறம் வருஷக்கணக்கான உழைப்பு.

ஏன் பிரமிடு மட்டும் தங்கியது?

வரிசையாகப் பாருங்க: விடைக்கு முன்னால் ஓடும் எண்ணம், சின்ன வயசுச் சூழல், நேரம், மறு வாய்ப்பு, தனிக் கவனிப்பு. முப்பது வருஷமும் ஒரே கேள்விதான். பிள்ளைகளுக்கு நடுவில் நாம் பார்க்கிற வித்தியாசத்தில் எவ்வளவு பிள்ளையோடது, எவ்வளவு நாம உண்டாக்கினது?

பட்டியல் தங்கினதுக்குக் காரணம் எளிது, அதுக்குச் செலவில்லை. ஒரு தாளில் அச்சடித்து ஒட்டிடலாம். கே1, கே2 போட ஒரு பேனா போதும். இடறின பிள்ளையை நிறுத்தி இன்னொரு தடவை சொல்லிக்கொடுக்க நேரம் வேணும், ஆள் வேணும், "போர்ஷன் முடிக்கலையா?"ன்னு கேட்காத ஹெச்.எம். வேணும். அதெல்லாம் காசு. அதனால் புளூமிடம் நாம் வாங்கிக்கொண்டது பிள்ளையின் கேள்விக்கு லேபிள் ஒட்டுவதை. அவர் கொடுக்க நினைத்தது பிள்ளைக்கு லேபிள் ஒட்டாமல் இருப்பதை.

அடுத்த தடவை யாராவது உங்க முன்னால் ஒரு பிள்ளையை "மக்கு"ன்னு சொன்னா, அதுக்கு இதுவரை எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாங்கன்னு மட்டும் கேட்டுப் பாருங்க. ஆசிரியர்களாக இருக்கிற பதிவர்கள், அந்த இரண்டாவது வாய்ப்பை உங்க வகுப்பில் கொடுக்க முடியுதா, எப்படிக் கொடுக்கறீங்கன்னு பின்னூட்டத்தில் எழுதுங்க. புளூம் விட்டுட்டுப் போன வேலை அதுதான்.