அலமாரியில் அமர்ந்த சித்திரக்குள்ளனும் குடிலில் துயிலும் குழந்தையும்



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் அங்காடிகளில் ஒரு பொம்மை தலைகாட்டுகிறது. சிவப்புச் சட்டை, கூர்மையான தொப்பி, ஒல்லியான கைகால்கள், ஓரக்கண் பார்வை. ‘எல்ஃப் ஆன் தி ஷெல்ஃப்’ என்பது அதன் பெயர். ‘அலமாரியில் அமர்ந்த சித்திரக்குள்ளன்’ என்று நாம் சொல்லலாம். இணையக் காணொளிகளின் வழியே நம் பிள்ளைகளும் இதனை அறிந்து வைத்திருக்கிறார்கள். இப்பொம்மை எங்கிருந்து வந்தது? இதைப் போன்ற பொம்மைகள் நம் மரபில் இல்லையா? சற்றே வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

பொம்மையின் பிறப்பு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த கேரல் ஏபர்சோல்டு என்ற தாயும் அவருடைய மகள் சாண்டா பெல்லும் தங்கள் வீட்டில் நெடுநாளாக இருந்த வழக்கத்தைக் கதையாக எழுதி, 2005ஆம் ஆண்டில் ஒரு பொம்மையுடன் சேர்த்துத் தாங்களே வெளியிட்டனர். கதைப்படி, சித்திரக்குள்ளன் பகலெல்லாம் பிள்ளைகளைக் கவனிப்பான். இரவில் வடதுருவத்திற்குப் பறந்து சென்று, யார் நல்ல பிள்ளை, யார் குறும்புப் பிள்ளை என்று கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் தெரிவிப்பான். விடிவதற்குள் திரும்பி வந்து வேறோர் இடத்தில் அமர்ந்திருப்பான். (இடம் மாற்றி வைப்பது பெற்றோரின் வேலை!) பிள்ளைகள் அவனைத் தொடக்கூடாது, தொட்டால் மந்திர ஆற்றல் போய்விடும். இவ்வளவுதான் விதிகள்.

காவலனாக இருந்தவன்

ஆயினும் சித்திரக்குள்ளன் தொடக்கத்திலேயே ஒற்றனாக இருந்தவன் அல்லன். ஸ்வீடன், நார்வே, டென்மார்க் நாடுகளின் நாட்டுப்புறக் கதைகளில் அவன் பண்ணைவீட்டின் காவலன். ‘தொம்தே’ என்றும் ‘நிசே’ என்றும் பெயர் பெற்றவன். கால்நடைகளையும் களஞ்சியத்தையும் இரவில் காப்பவன். கிறிஸ்துமஸ் இரவில் அவனுக்கு வெண்ணெய் இட்ட கஞ்சி வைப்பார்கள். வைக்க மறந்தால் சினம் கொள்வான். தோட்டத்து எல்லையில் முனியாண்டிக்குப் படையல் இட்டு வாழ்ந்த நம் மக்களுக்கு இந்த உறவு புதிதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க இதழ்களும் கதைகளும் அவனைக் கிறிஸ்துமஸ் தாத்தாவின் பட்டறைத் தொழிலாளியாக மாற்றின. 1873இல் ‘கோடீஸ் லேடீஸ் புக்’ என்னும் மாத இதழின் முகப்புப் படத்தில், தாத்தாவைச் சுற்றிக் குள்ளர்கள் விளையாட்டுப் பொருள்கள் செய்துகொண்டிருந்தனர். காவலன் தொழிலாளியானான், 2005இல் அத்தொழிலாளி கண்காணிப்பாளனும் ஆனான்.

பிள்ளைகளின் நடத்தையை விசாரிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பழையதுதான். டிசம்பர் 6ஆம் நாள் கொண்டாடப்படும் புனித நிக்கோலாஸ் திருநாளில், ஆயர் வேடமிட்டவர் வீடுகளுக்கு வந்து பிள்ளைகளின் நடத்தையைக் கேட்பார். ஆனால், அவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து நேருக்குநேர் கேட்டவர். இப்பொம்மையோ மாதம் முழுவதும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

குடிலில் ஒரு குழந்தை

நம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் கிறிஸ்துமஸுக்கெனப் பொம்மைகள் உண்டு. அவை குடிலில் வைக்கப்படுபவை. 1223ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரெச்சியோ என்னும் ஊரில், அசிசி நகரப் புனித பிரான்சிஸ் தீவனத் தொட்டியும் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும் கொண்டு பெத்லகேம் காட்சியை அமைத்தார். பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியின்போது ஆலயங்கள் மூடப்பட, பிரான்சின் தென்பகுதியான புரொவான்ஸ் மக்கள் சிறு மண்பொம்மைகளால் வீட்டுக்குள்ளேயே குடில் அமைத்தனர்.

தமிழகத்தில் மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரி, மண்பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை செய்யும் அதே கைகள்தாம் கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மைகளையும் செய்கின்றன. கொலு வைக்கும் வீடுகளில் விசயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்து உறங்கச் செய்வார்கள். குடில் வைக்கும் வீடுகளில், குழந்தை இயேசுவின் தொட்டி டிசம்பர் 24 நள்ளிரவு வரை வெறுமையாக இருக்கும். அதன் பிறகே குழந்தையைக் கிடத்துவார்கள். மூன்று அரசர்களைத் தொலைவில் நிறுத்தி, நாள்தோறும் சிறிது சிறிதாக நகர்த்தி, சனவரி 6இல் குடிலுக்குக் கொண்டு சேர்க்கும் வழக்கமும் கத்தோலிக்கரிடையே உண்டு.

இங்கும் பொம்மைகள் இடம் மாறுகின்றன, உறங்குகின்றன, குறித்த நேரத்தில் வருகின்றன. ஆனால், நகர்த்துவது பிள்ளைகளின் கண்முன்னே, பெரும்பாலும் பிள்ளைகளின் கைகளாலேயே! கத்தோலிக்கக் குடும்பங்களில் மற்றொரு வழக்கமும் உண்டு. திருவருகைக் காலத்தில் பிள்ளை ஒரு நற்செயல் செய்தால் தொட்டியில் ஒரு வைக்கோல் இடலாம். நற்செயல்கள் பெருகப் பெருகக் குழந்தை இயேசுவின் படுக்கை மென்மையாகும். இங்கே கணக்கு வைப்பது பிள்ளையே. அக்கணக்கில் தவறுகளுக்குப் பத்தி கிடையாது.

சட்டாம்பிள்ளையின் இரு வேலைகள்

ஆசிரியர்களாகிய நமக்கு இது வகுப்பறைச் சிக்கலும் ஆகும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளைக்கு இரு வேலைகள் இருந்தன. இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது ஒன்று. குறும்பு செய்வோரை ஆசிரியரிடம் காட்டிக் கொடுப்பது மற்றொன்று. சென்னையில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் முறையை 1797இல் நூலாக வெளியிட, அம்முறை இங்கிலாந்திலும் பரவியது. உலகம் எடுத்துக்கொண்டது முதல் வேலையை. ஆசிரியர் வெளியே சென்றதும் பேசுபவர் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வழக்கத்தில் எஞ்சியிருப்பதோ இரண்டாம் வேலை!

2014இல் கனடாவைச் சேர்ந்த கல்வியியல் பேராசிரியர் லாரா பின்டோ, செலினா நெமோரின் என்பவருடன் இணைந்து இந்தச் சித்திரக்குள்ளனைப் பற்றி எழுதினார். கண்காணிக்கப்படுவதைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ள இப்பொம்மை பிள்ளைகளைப் பழக்குகிறது என்பது அவர்களின் கவலை. விளையாட்டை இவ்வளவு ஆராய வேண்டுமா என்று கேட்போரும் உண்டு. எனினும், பார்ப்பதற்கு ஆள் இருக்கும்போது மட்டும் அடங்கியிருக்கும் வகுப்பைக் கண்ட ஆசிரியர் எவரும் இக்கவலையை எளிதில் தள்ளிவிட மாட்டார்.

நாம் செய்யக்கூடியது

பொம்மையை வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. காலையில் எழுந்து அதைத் தேடி ஓடும் பிள்ளையின் மகிழ்ச்சி உண்மையானது. வாங்கினால், ஒற்றன் வேலையை மட்டும் அவனிடமிருந்து எடுத்துவிடுங்கள். பழைய தொம்தேவைப் போல அவனுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி வைக்கப் பிள்ளையைப் பழக்குங்கள். குடில் வைக்கும் குடும்பத்தினர், குழந்தையைக் கிடத்தும் பொறுப்பை வீட்டின் கடைக்குட்டியிடம் கொடுங்கள். சிலிம் ரிவரில் வைக்கோலுக்கு எங்கே போவது என்று கேட்கிறீர்களா? தோட்டத்து ஓரங்களில் வளரும் லாலாங் புல் போதும். காயவைத்து, தாளைப் போலவே புல்லும் கையைக் கீறும் என்று சொல்லிக் கொடுத்து, பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள்.

அனைவருக்கும் இனிய கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்!