வாயிலைத் திறந்தவர் யார்?
எருசலேமும் நல்லூரும்: அரியணைப் போட்டிகள் தரும் பாடம்

மார்கழி பிறந்துவிட்டால், நியூ ஜேர்சியிலும் சான் பிரான்சிஸ்கோ குடாப் பகுதியிலும் ரெக்சாசிலும் எமது பிள்ளைகள் பயிலும் பாடசாலைகள் பலவற்றில் 'ஹனுக்கா' என்னும் யூதப் பண்டிகையின் கதை சொல்லப்படுகின்றது. அந்நிய அரசன் ஒருவன் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியதையும், மக்கபேயர் என்னும் சகோதரர்கள் கிளர்ந்தெழுந்து கி.மு. 164 இல் அதனை மீட்டு விளக்கேற்றியதையும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து எமக்கு விளக்குகின்றனர். கேட்கும் எமக்கோ, நல்லூர் முத்திரைச் சந்தியிற் குதிரை மீதமர்ந்து வாளேந்தி நிற்கும் சங்கிலியன் சிலை கண்முன் தோன்றுகின்றது. "எங்கட இராச்சியத்தை ஆர் பிடிச்சது?" என்று பிள்ளை கேட்டால், "பறங்கியர்" என ஒரே சொல்லில் விடை கூறி முடித்துவிடுகின்றோம். அவ்விடை பிழையன்று, ஆயின் முழுமையானதுமன்று. ஏன் முழுமையானதன்று என்பதை உணர, மக்கபேயர் கதையின் மீதியையும் நாம் அறிதல் வேண்டும்.

யூத அரசர் வரலாற்றில் அரியணைப் போட்டி புதிதன்று. தாவீது முதுமையுற்றிருந்தபோதே, உயிரோடிருந்த புதல்வருள் மூத்தவனான அதோனியா அரசனாக முற்பட்டான். தீர்க்கதரிசி நாத்தானும் பத்சேபாளும் முயன்று சாலொமோனுக்கு முடிசூட்டுவித்தனர். பின்னர் அதோனியா கொல்லப்பட்டான். சாலொமோன் மறைந்ததும் இராச்சியம் வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா என இரண்டாகப் பிளந்தது. கி.மு. 722 அளவில் வடக்கை அசீரியரும், கி.மு. 586 அளவில் தெற்கைப் பாபிலோனியரும் விழுங்கினர். இவற்றையெல்லாம் அம்மக்கள் தம் மறைநூலிலேயே மறைக்காது எழுதிவைத்துள்ளனர் என்பது கருதத்தக்கது.

சகோதரர் இருவரும் ஒரு நடுவரும்

மக்கபேயர் வழிவந்தோர் குருவாகவும் அரசராகவும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு யூதேயாவை ஆண்டனர். அவ்வம்சத்து அரசியான சலோமே அலெக்சாந்திரா கி.மு. 67 இல் மறைந்தாள். மூத்த மகன் இர்க்கானு அமைதியானவன். இளையவன் அரிஸ்தொபுலு ஆற்றலும் அவாவும் மிக்கவன். இளையவன் படைதிரட்டி மூத்தவனை வென்று முடிசூடினான். மூத்தவன் ஒதுங்கியிருக்க உடன்பட்டான். அத்துடன் அப்பிணக்கு ஓய்ந்திருக்கலாம். ஆனால் இதுமேயா நாட்டவனான அந்திப்பாத்தர் என்பவன், மூத்தவனின் உரிமையை அவனுக்கு இடையறாது நினைவூட்டி, அயல்நாட்டு நபத்தேய அரசனின் படையைத் துணைக்கு அழைத்துவரச் செய்தான். எருசலேம் முற்றுகைக்குள்ளாயிற்று.

அவ்வேளை உரோமத் தளபதி பொம்பேயு சிரியாவுக்கு வந்திருந்தான். கி.மு. 63 இல் தமஸ்கு நகரில் சகோதரர் இருவரும் அவன்முன் சென்று தத்தம் வழக்கை உரைத்தனர். மூன்றாவதாக மக்கள் சார்பிலும் ஒரு குழு சென்றது. இருவரும் எமக்கு வேண்டாம், மன்னராட்சியே வேண்டாம் என்று அக்குழு வேண்டிற்று என யூத வரலாற்றாசிரியர் யொசேபு எழுதியுள்ளார். அக்குரல் எடுபடவில்லை.

அதே ஆண்டில் உரோமப் படை எருசலேமை அடைந்தபோது, நகரத்தின் வாயிலை உடைக்க வேண்டிய தேவை அதற்கு ஏற்படவில்லை. இர்க்கானுவின் பக்கத்தவர் உள்ளிருந்தே அதனைத் திறந்துவிட்டனர். ஆலய மதிலுக்குள் நின்று எதிர்த்தோர் மூன்று மாத முற்றுகையின் பின் வீழ்ந்தனர். 12,000 யூதர் மாண்டதாக யொசேபு கூறுவார். தலைமைக் குருவன்றி எவரும் நுழையாத திருத்தலத்தினுள் பொம்பேயு காலடி வைத்தான். இளையவன் கைதியாக உரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். மூத்தவனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது, அரசப்பட்டம் கிடைக்கவில்லை. ஈற்றில் உரோமின் தயவால் அரியணை ஏறியவன் அந்திப்பாத்தரின் மகன் ஏரோது. முதியவனான இர்க்கானுவைக் கொல்வித்தவனும் அவனே. விளக்கேற்றிய வீரரின் வம்சம் இவ்வாறு முடிவுற்றது.

நல்லூரிலும் அதே கதை

இப்போது எமது மண்ணுக்கு வருவோம். சிங்கையாரியர் எனப்பட்ட யாழ்ப்பாண மன்னர் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் பட்டப்பெயர்களை மாறிமாறிச் சூடினர். பெயருக்கு ஒழுங்கு இருந்ததுபோல, யார் அடுத்த அரசன் என்பதற்கு உறுதியான ஒழுங்கு இருக்கவில்லை. பட்டத்தரசியின் மகன், ஏனைய மனைவியரின் மகன், தம்பி, மருமகன் என அனைவரும் உரிமை கோரலாயினர்.

1519 அளவில் அரியணை ஏறிய முதலாம் சங்கிலி, இளவரசரை நஞ்சாலும் ஆயுதத்தாலும் ஒழித்தே முடிசூடினான் என்று மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை கூறுகின்றது. அவன் போர்த்துக்கேயரைத் துணிவுடன் எதிர்த்தவன் என்பதும் உண்மையே. ஆனால் உரிமை கோரிய அவனுடைய உறவினன் ஒருவன் போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் புகுந்தமை, அவர்களுக்குக் கையில் ஒரு துருப்புச் சீட்டாயிற்று. 1560 இற் படையெடுத்து வந்த அவர்கள் நல்லூரைக் கைப்பற்றியும் நிலைக்கமுடியாது பின்வாங்கி, மன்னாரிற் கோட்டை அமைத்துக்கொண்டனர். 1591 இல் மீண்டும் வந்து, அரசனைக் கொன்று, எதிர்மன்னசிங்கத்தைத் தமக்குத் திறைசெலுத்தும் மன்னனாக அமர்த்தினர். அன்றுமுதல் நல்லூரின் முடியை வழங்குவோர் கடலுக்கு அப்பாலிருந்தனர்.

1617 இல் எதிர்மன்னசிங்கம் இறந்தபோது அவன் மகன் சிறு குழந்தை. அரசகேசரி என்பவன் குழந்தைக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றான். அவனைக் கொன்று அதிகாரத்தைக் கைப்பற்றினான் சங்கிலிகுமாரன். கைப்பற்றியதைத் தக்கவைக்க அவன் போர்த்துக்கேயரிடமே அங்கீகாரம் வேண்டிப் பெற்றான். 1618 இல் அவனுக்கெதிராக உள்நாட்டிற் கிளர்ச்சி மூண்டதும் தஞ்சை நாயக்கரின் படையை அழைத்து அதனை அடக்கினான். தஞ்சைப் படை வந்ததையே காரணமாக்கி, 1619 இல் பிலிப் த ஒலிவேராவின் படை நல்லூருக்கு வந்தது. சங்கிலிகுமாரன் கடல்வழியே தப்ப முயல்கையிற் பிடிபட்டு, கோவாவிற் கொல்லப்பட்டான். குழந்தை இளவரசனும் கோவாவுக்கு அனுப்பப்பட்டுத் துறவியானான். 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது.

வைபவமாலை இரு சங்கிலிகளையும் ஒருவனாகவே கருதி, வீழ்ச்சிக்குக் காக்கைவன்னியன் என்னும் ஒருவனது காட்டிக்கொடுப்பைக் காரணமாக்குகின்றது. ஒரு துரோகியைக் காட்டிவிட்டால் மனம் ஆறுகின்றது. ஆனால் ஒரு தனி மனிதனால் மூன்று தலைமுறைச் சீர்குலைவை விளைவித்தல் இயலுமா?

இது தமிழரின் குறை மாத்திரமன்று. 1521 இற் கோட்டை மன்னன் ஆறாம் விஜயபாகுவை அவனுடைய மைந்தர் மூவரும் கொல்வித்து நாட்டைப் பங்கிட்டனர். அவர்களுள் மூத்தவனின் பேரன் தர்மபாலன் 1580 இல் தன் இராச்சியத்தையே போர்த்துக்கேய மன்னனுக்கு உயில் எழுதிக் கொடுத்தான்.

சகோதரர் ஒற்றுமையாயிருந்திருந்தால் உரோமரும் பறங்கியரும் வந்தேயிருக்கமாட்டார் என நாம் கூறவரவில்லை. சிரியாவைப் பிடித்த உரோமுக்கு யூதேயா எட்டிய தூரம். மன்னாரிற் காலூன்றியவர்களுக்கு நல்லூர் அதனிலும் அண்மை. படையெடுத்தவனின் பழி படையெடுத்தவனையே சாரும். எனினும் பகைவனாக வருபவனை எதிர்க்கலாம். நடுவனாக நாமே அழைத்தவனை எவ்வாறு எதிர்ப்பது?

இங்கே எமக்கு அரியணை இல்லை. சங்கமும், கோயிற் சபையும், வார இறுதித் தமிழ்ப் பள்ளியும் உண்டு. தலைமை யாருக்கு என்னும் பிணக்கு முற்றி, ஒன்று இரண்டாகி, ஈற்றில் எமது மொழி அறியாத நீதிபதியின்முன் இரு பகுதியாரும் நிற்கும் நிலையை நாம் அறியாதவர்களல்லர். அடுத்தவர் யார், எந்நாளில், எம்முறையில் என்பதை எழுதிவைத்து, எழுதியதற்குத் தலைவரும் கட்டுப்படுவாராயின், நல்லூர் மன்னரிடம் இல்லாத ஒன்றை நாம் பெற்றவராவோம்.

ஆதலால், பிள்ளை அடுத்த முறை கேட்கும்போது முழுக் கதையையும் சொல்வோம். சங்கிலியனின் வீரத்தைச் சொல்வோம். அரசகேசரியின் கொலையையும் சொல்வோம். யூதர் தம் மறைநூலிலும், எம் முன்னோர் வைபவமாலையிலும் எழுதத் தயங்காதவற்றை, எம் பிள்ளைகளிடம் சொல்ல நாம் ஏன் தயங்கவேண்டும்?