மே மாசத்துல வஞ்சிரம் ஏன் விலை ஏறுது? மானியம் கொடுத்த கையே தடை போட்ட கதை

இந்த எபிசோட் ஒரு மீன் கடையில ஆரம்பிச்சு, லண்டன் போய், அண்டார்டிக் போய், திரும்ப மெரினாவுக்கே வரப்போகுது. கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

போன மே மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைல நொச்சிக்குப்பம் மீன் அங்காடிக்குப் போனேன். வஞ்சிரம் விலையைக் கேட்டதும் தலை சுத்துச்சு. "என்னக்கா, இவ்ளோ சொல்றீங்க?"ன்னேன். "தடைக்காலம் தம்பி, பெரிய போட்டு எதுவும் போகல. வேணும்னா சங்கரா வாங்கிக்கோ"ன்னாங்க. சங்கரா வாங்கிட்டு வந்தேன். ஆனா அந்த 'பெரிய போட்டு' மண்டைக்குள்ளயே நின்னுடுச்சு.

தடைக்காலம்னா என்னன்னு நம்மள்ல பலருக்கும் தெரியும். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், கிழக்குக் கடற்கரையில விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கம் பண்ற காலம்னு காரணம் சொல்றாங்க. தமிழ்நாட்டுல 2001-ல இது ஆரம்பிச்சப்போ 45 நாள். 2017-ல 61 நாள் ஆச்சு. நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை கிடையாது. அதனாலதான் மே மாசத்துலயும் நொச்சிக்குப்பத்துலயும் ஊரூர் குப்பத்துலயும் கொஞ்சமாவது மீன் வருது.

இதைத் தேடிப் படிச்சப்போதான் ஒரு விஷயம் உறைச்சுது. இன்னைக்கு அரசாங்கம் "போகாதே"ன்னு நிறுத்தி வைக்கிற இந்த விசைப்படகு கடலுக்கு வந்ததே அரசாங்கத்தோட மானியத்துலதான். முதல்ல காசு கொடுத்து உள்ள இறக்கினாங்க. அப்புறம் அதைக் கட்டுப்படுத்த சட்டம் போட்டாங்க. இப்போ ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலயே நடக்குது.

இது நம்ம ஊர் கூத்து மட்டும் இல்ல. ரொம்பப் பழைய கதை. முதல்ல திமிங்கலத்துக்கு நடந்துச்சு.

கப்பலுக்குக் காசு, திமிங்கலத்துக்கு இல்ல

1733. பிரிட்டன். அப்போ திமிங்கலக் கொழுப்பை உருக்கி எடுக்கிற எண்ணெய்தான் விளக்குக்கும் சோப்புக்கும். அந்த வியாபாரத்துல டச்சுக்காரங்க கொடி கட்டிப் பறந்தாங்க. பிரிட்டன் அரசாங்கத்துக்கு ரெண்டு ஆசை. எண்ணெய் நம்ம கப்பல்ல வரணும். போர் வந்தா கடற்படைக்குப் பழக்கப்பட்ட மாலுமிங்க வேணும். அதனால திமிங்கல வேட்டைக்குப் போற கப்பலுக்கு டன்னுக்கு 20 ஷில்லிங் ஊக்கத்தொகை அறிவிச்சாங்க. யாரும் பெருசா கண்டுக்கல. 1749-ல அதை 40 ஷில்லிங்கா, அதாவது 2 பவுண்டா ஆக்குனாங்க. 300 டன் கப்பல் வெச்சிருந்தா ஒரு பயணத்துக்கு 600 பவுண்டு. விரல் விட்டு எண்ணுற அளவுல இருந்த கப்பல்கள் சில வருஷத்துலயே எண்பதைத் தாண்டிடுச்சு.

இங்க ஒண்ணைக் கவனிங்க. காசு கப்பலோட அளவுக்குத்தான். பிடிச்சிட்டு வர்ற திமிங்கலத்துக்கு இல்ல. இதே மாதிரி ஹெர்ரிங் மீன்பிடிப் படகுகளுக்கும் டன் கணக்குல மானியம் கொடுத்தாங்க. 1776-ல ஆடம் ஸ்மித் தன்னோட புத்தகத்துல அதைக் கிண்டலே பண்ணியிருக்கார்: பல படகுகள் கிளம்புறது மீனைப் பிடிக்க இல்ல, மானியத்தைப் பிடிக்கத்தான்னு. அவர் சொன்ன இன்னொரு விஷயம் நமக்கு முக்கியம். மானியம் பெரிய படகுக்குக் கிடைச்சதால, கரையோரத்துல சின்னப் படகு வெச்சுப் பிழைச்சவங்க அடிபட்டுப் போனாங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. மெரினாவுக்கு வரும்போது தேவைப்படும்.

கட்டுப்பாடே ஓட்டப்பந்தயம் ஆன கதை

இருநூறு வருஷம் தாண்டுவோம். 1946-ல வாஷிங்டன்ல ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டாங்க. அதுலேர்ந்து சர்வதேச திமிங்கல ஆணையம் வந்துச்சு. அண்டார்டிக் கடல்ல ஒரு சீசனுக்கு 16,000 'நீலத் திமிங்கல அலகு'ன்னு ஒரு உச்சவரம்பு. ஒரு நீலத் திமிங்கலம்னா ஒரு அலகு. ரெண்டு ஃபின் திமிங்கலம் சேர்ந்தா ஒரு அலகு. ஆறு சேய் திமிங்கலம்னாலும் ஒரு அலகு.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா டிசைன்லயே ரெண்டு ஓட்டை. ஒண்ணு, எந்த இனம் அழியுற நிலையில இருக்குன்னு அந்தக் கணக்குக்குத் தெரியாது. நீலத் திமிங்கலம் குறையக் குறைய, கண்ணுல பட்டா அதையும் அடிச்சுட்டு மிச்சத்தை ஃபின்ல சரிக்கட்டலாம். ரெண்டாவது, எந்த நாட்டுக்கு எவ்வளவுன்னு ஆரம்பத்துல பிரிக்கவே இல்ல. எல்லாருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. அப்போ என்ன நடக்கும்? யார் முதல்ல அடிக்கிறாங்களோ அவங்களுக்கு. ஒவ்வொரு நாடும் இன்னும் பெரிய, இன்னும் வேகமான கப்பலைக் கட்டுச்சு. திமிங்கலத்தைக் காப்பாத்தப் போட்ட விதி கப்பல் போட்டியைக் கிளப்பி விட்டுச்சு. இதுக்கு நடுவுல சோவியத் கப்பல்கள் பல வருஷம் பொய்க்கணக்கு கொடுத்துட்டு இருந்தது, 1990-கள்ல ரஷ்ய விஞ்ஞானிகளே வெளியே சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரிஞ்சுது.

பிரிட்டன் 1963-ல அண்டார்டிக் வேட்டையை விட்டுச்சு. மனசாட்சி உறுத்தி இல்ல. போன செலவுக்குத் திமிங்கலம் கிடைக்கல. வணிக வேட்டைக்கு முழுத் தடைன்னு ஆணையம் முடிவெடுத்தது 1982-ல. அது அமலுக்கு வந்தது 1986-ல. கட்டுப்பாடு வந்துச்சு, ஆனா கட்டுப்படுத்த வேண்டியது பெரும்பாலும் போன பிறகு.

நார்வேலேர்ந்து நம்ம கடலுக்கு

இப்போ நம்ம பக்கம். திமிங்கல வேட்டையில உலகத்துலயே முன்னணியில இருந்த நாடுகள்ல ஒண்ணு நார்வே. அதே நார்வே, 1952-ல ஐக்கிய நாடுகள் சபை, இந்தியா ரெண்டோடயும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு. பேரு இந்தோ-நார்வீஜியன் திட்டம். கேரளாவுல கொல்லம் பக்கம் நீண்டகரையில 1953-ல வேலை ஆரம்பம். நோக்கத்துல குறை சொல்ல முடியாது. மீனவர் வருமானம் உயரணும், குடிதண்ணி, சுகாதாரம், சின்னப் படகுக்கு எஞ்சின். சுதந்திரம் வாங்கி அஞ்சு வருஷம் ஆன, சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்ட நாடு. கடல்ல புரதம் இருக்கு, எடுக்க எஞ்சின் வேணும்னு நினைச்சது தப்பா?

ஆனா வழியில இறால் குறுக்க வந்துச்சு. உறைய வெச்ச இறாலை அமெரிக்காவுக்கு அனுப்பினா டாலர். இறால் இருக்கிறது கடலோட அடியில, கரைக்குப் பக்கத்துல. அதை அள்ளத் தோதான கருவி இழுவை மடி, அதாவது டிரால். பை மாதிரி வலையைக் கடல் தரையில உரசிட்டே இழுத்துட்டுப் போறது. இறாலோட சேர்த்து முட்டை, குஞ்சு, பேர் தெரியாத சின்ன மீன்னு எல்லாத்தையும் அள்ளிட்டு வரும். 1960-கள்ல இந்தத் திட்டம் நம்ம மண்டபம் வரைக்கும் வந்துச்சு. சென்னை அரசும் ஐந்தாண்டுத் திட்டங்கள்ல விசைப்படகுகளைக் கட்டி, மானியத்துலயும் தவணையிலயும் மீனவர்களுக்குக் கொடுத்துச்சு.

அப்போ கட்டுமரம் என்ன பண்ணுச்சு? அதுவும் அதே கரையோரத்துலதான் வலை போட்டுட்டு இருந்துச்சு. டிராலர் அந்த வழியா போனா வலை அறுந்துடும். ஒரு குடும்பத்தோட மொத்த முதலீடும் ஒரு ராத்திரியில காலி. விசைப்படகு ஓனர்கள்ல பலரும் அதே மீனவ சமூகத்தைச் சேர்ந்தவங்கதான். அதனால இதை வெளியாள், உள்ளாள் சண்டைன்னு சொல்லிட முடியாது. 1978-ல சென்னையில இது பெரிய கலவரமாவே வெடிச்சு, படகுகள் எரிஞ்சுது. கோவாவுலயும் கேரளாவுலயும் இதே மாதிரி மோதல்கள். அந்த வருஷம்தான் கட்டுமர, நாட்டுப்படகு மீனவர்களுக்குன்னு தேசிய அளவுல ஒரு அமைப்பு உருவாச்சு.

மூணு கடல் மைல்

அதுக்கப்புறம்தான் சட்டம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983. கரையிலேர்ந்து மூணு கடல் மைல், அதாவது கிட்டத்தட்ட அஞ்சரை கிலோமீட்டர், நாட்டுப்படகுக்கு ஒதுக்கப்பட்டுச்சு. விசைப்படகு அதைத் தாண்டித்தான் மீன் பிடிக்கணும்னு அப்போ விதி இருந்துச்சு. காலைல அஞ்சு மணிக்கு அப்புறம் கிளம்பணும், ராத்திரி ஒன்பதுக்குள்ள திரும்பணும். ரெண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கிற இரட்டை மடிக்கும் தடை.

பட்டினப்பாக்கம் கரையில நின்னு பாருங்க. அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. ஆனா இறாலுக்குப் பிடிச்ச இடம் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு உள்ளதான். முப்பது வருஷமா எந்த இடத்துக்காக அரசாங்கம் படகு கட்டிக் கொடுத்துச்சோ, அந்த இடத்துலயே சட்டம் வேலியைப் போட்டுச்சு. எங்க தொழில்ல இதை நல்லாப் பார்த்திருக்கோம். ஆர்க்கிடெக்சர் தப்பா இருந்தா, மேல எத்தனை பேட்ச் போட்டாலும் அதே பக் வேற எங்கயாவது தலைகாட்டும்.

ரோந்துப் படகு கொஞ்சம், கடல் பெருசு. அதனால பல இடத்துல உண்மையான காவல் ஊர்ப் பஞ்சாயத்துதான். வலையை அறுத்த படகைப் பிடிச்சுக் கரையில கட்டி வெச்சு, நஷ்டஈடு வாங்கின பிறகு விடுறது. சட்டப் புத்தகத்துல இந்த வழக்கம் இருக்காது. ஆனா அரசாங்கச் சட்டத்துக்கு முன்னாடியே கடற்கரைக்குன்னு ஒரு ஒழுங்குமுறை இருந்துச்சுன்னு இது காட்டுது.

ரெண்டு கையும் ஒரே நேரத்துல

இப்போ என்ன நிலைமை? மானியம் நிக்கல. தமிழ்நாட்டுல விற்பனை வரி இல்லாத டீசல் ரொம்ப வருஷமா விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர், எஞ்சின் வெச்ச நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர். பிறகு இது கொஞ்சம் கூடியிருக்கு, ஆனா விகிதம் பெருசா மாறல. இன்னொரு பக்கம், அதே படகு 61 நாள் சும்மா நிக்கிறதுக்காகக் குடும்பத்துக்குத் தடைக்கால நிவாரணம், இப்போ 8,000 ரூபாய். ஓடுறதுக்கும் காசு, நிக்கிறதுக்கும் காசு.

ராமேஸ்வரம் பக்கம் இது இன்னும் வலிக்குது. பாக் நீரிணை குறுகலான கடல். இலங்கைப் போர்க்காலத்துல அந்தப் பக்க மீனவர்கள் கடலுக்கே போக முடியல. நம்ம டிராலர்கள் அங்க போய்ப் பழகிடுச்சு. 2009-ல போர் முடிஞ்சு அவங்க திரும்பி வந்தா, வலையை அறுக்கிறது நம்ம படகு. அவங்களும் தமிழ் பேசுற மீனவர்கள்தான். 2017-ல இலங்கை இழுவை மடியையே தடை பண்ணிச்சு. அதே வருஷம் இந்தியா 2,000 டிராலர்களை ஆழ்கடல் சூரைப் படகுகளா மாத்த ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. ஒரு படகுக்கு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20, மீனவர் 10. அதாவது மானியத்துல இறக்கின படகை மானியம் கொடுத்தே வெளிய எடுக்கப் பார்த்தாங்க. எதிர்பார்த்த வேகத்துல நடக்கல. கரையோரத்துல ஒரு நாள்ல போய் வந்துட்டு இருந்த ஆளை, நாள்கணக்குல ஆழ்கடல்ல தங்குன்னு சொன்னா அது வேற தொழில், வேற கடன்.

"அப்போ எல்லா மானியத்தையும் நிறுத்திடலாமே?"ன்னு கேக்கலாம். 2022-ல உலக வர்த்தக அமைப்பு மீன்பிடி மானியங்கள் பத்தி ஒரு ஒப்பந்தத்தை ஏத்துக்கிச்சு. அளவுக்கு மீறின மானியங்கள் பத்தின பேச்சுவார்த்தையில இந்தியா 25 வருஷ அவகாசம் கேக்குது. அந்த வாதத்துல நியாயம் இருக்கு. உலகக் கடலையே அள்ளின பணக்கார நாடுகள், இப்போ ஊரூர் குப்பத்துல பைபர் படகு வெச்சிருக்கவரோட டீசலைக் கணக்குப் பாக்கக் கூடாது. ஆனா அந்த 25 வருஷத்துல 18,000 லிட்டர் பக்கம் கொடுக்கப் போறோமா, 4,000 லிட்டர் பக்கமான்னு ஜெனீவா முடிவு பண்ணாது. நாமதான் பண்ணணும். ஆடம் ஸ்மித் சொன்ன சின்னப் படகுக்காரர் இங்கதான் நிக்கிறார்.

திமிங்கலக் கதையில எனக்குப் பிடிபட்டது இதுதான். மானியம் கப்பலுக்குப் போனா கப்பல் வளரும். கப்பல் வளர்ந்தா கடன் வளரும். கடன் இருக்கிறவர் தடையை மதிக்க முடியாது, ஏன்னா தவணைக்குத் தடைக்காலம் கிடையாது. அவரைத் திருடன்னு சொல்றது சுலபம். ஆனா அந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தது யாருன்னும் கேக்கணும்.

நமக்கு இன்னும் நேரம் இருக்கு. அண்டார்டிக்ல விதி முழுசா வர்றதுக்குள்ள திமிங்கலம் போயிடுச்சு. இங்க நெத்திலி இன்னும் வருது, சங்கரா வருது. அடுத்த தடவை லூப் ரோடு பக்கம் போனா, விலையோட சேர்த்து இன்னொரு கேள்வியும் கேளுங்க: "அக்கா, இது எந்த வலையில வந்த மீன்?" சொல்லுவாங்க. நம்மளை விட அவங்களுக்கு இந்த வரலாறு நல்லாத் தெரியும்.