தூண்டில் ரீலின் மேம்பாடும் காவிரி மகசீரின் எடைப் பதிவுகளும்: ஒரு தொழில்நுட்ப வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

காவிரி வடிநிலத்தில் வாழும் திமில் மகசீர் என்னும் பெருங்கெண்டை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தூண்டில் விளையாட்டாளர்களால் தேடப்பட்டு வந்தது. அவர்கள் விட்டுச்சென்ற எடைப் பதிவுகள் இம்மீனின் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஒரு மீன் பதிவில் இடம்பெறுவதையோ அறுத்துக்கொண்டு தப்புவதையோ தீர்மானித்த கருவிகளுள் தலையாயது ரீல் ஆகும். பெருமீன் வேட்டைக்கு முன் ரீலை மேம்படுத்தும் வழக்கம் எவ்வாறு வளர்ந்தது என்பதையும், அம்மாற்றத்தைக் கணக்கில் கொள்ளாமல் எடைப் பதிவுகளைப் படிப்பது ஏன் பிழையாகும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மகசீர், காவிரி, ரீல், இழுவைத்தடை, பரிசல், தொழில்நுட்ப வரலாறு

முன்னுரை

தூண்டில் தமிழருக்குப் புதிதன்று. சங்க நூல்களிலேயே அச்சொல் பயின்று வருகிறது. ஆயின் கோலும் நூலும் முள்ளும் மட்டும் கொண்ட அத்தூண்டிலில் நூலின் நீளம் மாறுவதில்லை. மீனின் வலிமை கோலின் வளைவையும் நூலின் உறுதியையும் விஞ்சினால் நூல் அறும், அல்லது கோல் முறியும். நூலைத் தேக்கிவைத்து, வேண்டியபோது விட்டுக்கொடுத்து, மீண்டும் சுற்றியெடுக்கும் பொறியே ரீல். மீனின் எடையைவிடப் பன்மடங்கு மெல்லிய நூலைக்கொண்டு அம்மீனைக் கரைசேர்க்க இயன்றது இப்பொறியாலேயே ஆகும்.

ரீலின் வரலாறு பெரும்பாலும் பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான் ஆகிய நாடுகளின் தொழிற்கூட வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அப்பொறி பயன்பட்ட ஆறுகளை நோக்கி அவ்வரலாற்றைத் திருப்பினால் வேறொரு பயன் கிட்டுகிறது. அதற்குக் காவிரி தக்க களமாகும்.

தாமஸ் காலத்துக் கருவிகள்

சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 'தி ராட் இன் இந்தியா' என்னும் நூலை 1873இல் மங்களூரில் வெளியிட்டார். 1881இலும் 1897இலும் மறுபதிப்புகள் வந்தன. மகசீரைப் பிரிட்டனின் சால்மன் மீனோடு ஒப்பிட்டு, போராட்டத்தில் மகசீரே மிக்கது என்று நிறுவுவது அந்நூலின் முதன்மைக் கருத்துகளுள் ஒன்று. முள்ளில் சிக்கியவுடன் மகசீர் மேற்கொள்ளும் முதற் பாய்ச்சலை அவர் வற்புறுத்திக் கூறுகிறார். அதன் தாடை முள்ளை நசுக்கிவிடும் என்றும் எச்சரிக்கிறார். பிரிட்டனில் சால்மனுக்குப் போதுமான கருவி தென்னிந்திய ஆறுகளுக்குப் போதாது என்பதே இவற்றின் உட்பொருள். வேட்டைக்குப் புறப்படுமுன் கருவியை மேம்படுத்த வேண்டும் என்னும் அறிவுரை இவ்வாறு அந்நூலிலேயே தொடங்கிவிடுகிறது.

அக்காலத்தில் பரவலாக இருந்தது சுழலுருளை ரீல் ஆகும். இதில் நூல் சுற்றிய உருளையே அச்சில் சுழலும். நூலை வெகுதொலைவு வீச வேண்டுமாயின் கனமான உருளை முழுவதும் சுழன்றாக வேண்டும். மீன் ஓடும்போது உருளையின் விளிம்பைக் கையால் அழுத்தியே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. பட்டு, லினன் ஆகியவற்றால் முறுக்கப்பட்ட நூல்களை ஒவ்வொரு நாளும் உலர்த்தாவிடில் அவை இற்றுப்போகும். ஆகவே அன்று ரீலின் திறன் என்பது பொறியின் திறனும் கையின் திறனும் சேர்ந்ததாக இருந்தது.

நூற்பாலையிலிருந்து ஆற்றுக்கு

இன்று 'ஸ்பின்னிங் ரீல்' எனப்படும் கருவியின் பெயர் சிறு விளக்கம் வேண்டுவது. நூல் நூற்றலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதுவே என்றாலும், தூண்டில் வழக்கில் அது நீரில் சுழன்றுவரும் இரையைக் குறித்தது. தாமஸ் காலத்தில் சுழலும் இரையை வீச இந்த வகை ரீல் இல்லை. பெயர் முன்பே இருந்தது, கருவி பின்னரே வந்தது.

1884இல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரைச் சேர்ந்த பீட்டர் டங்கன் மல்லாக், உருளையைப் பக்கவாட்டில் திருப்பி வைக்கும் ரீலை அமைத்தார். வீசும்போது உருளை சுழலாது, அதன் விளிம்பைக் கடந்து நூல் வளையங்களாக உருவி வெளியேறும். சுற்றும்போது உருளை பழைய நிலைக்குத் திருப்பப்படும். இதனால் மெல்லிய இரையையும் தொலைவில் வீச முடிந்தது. ஆனால் நூலில் முறுக்கு ஏறியது.

1905இல் ஆல்ஃபிரட் ஹோல்டன் இலிங்வொர்த் காப்புரிமை பெற்ற ரீல் அடுத்த பெரும் மாற்றமாகும். இவர் பிராட்ஃபோர்டு நகரின் துணித்தொழிலோடு தொடர்புடையவர். உருளை அசையாதிருக்க, நூலைப் பிடித்துச் சுற்றும் உறுப்பு அதனைச் சுற்றிவரும் அமைப்பு நூற்பாலைப் பொறிகளின் இயக்கத்தை ஒத்தது. நிலையுருளை ரீலின் தொடக்கம் இதுவே. 1932இல் இங்கிலாந்தின் ஹார்டி நிறுவனம் வெளியிட்ட 'ஆல்டெக்ஸ்', 1940களின் இறுதியில் பிரான்சில் உருவான 'மிட்செல்' ஆகியவை இவ்வகையைப் பரவச் செய்தன. 1938இல் அறிவிக்கப்பட்ட நைலானிலிருந்து பின்னர் உருவான ஒற்றையிழை நரம்பு, நூலை உலர்த்தும் வேலையை நீக்கியது.

மற்றொரு கிளையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் கடிகாரத் தொழிலாளர்கள் பற்சக்கரங்களைப் பொருத்தி, கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளை பல சுற்றுகள் சுழலும் மல்டிப்ளையர் ரீலை உருவாக்கினர். 1950களில் சுவீடனின் அபு நிறுவனம் வெளியிட்ட 'அம்பாசடர்' வரிசை இக்கிளையைச் சேர்ந்தது. நரம்பு நேராக உருளையில் ஏறுவதால் பேரிழுவையை இது எளிதில் தாங்கும். நிலையுருளை ரீலிலோ நரம்பு செங்கோணமாகத் திரும்பியே உருளையை அடைகிறது. ஆகவே நெடுங்காலம் பெருமீன்களுக்கு மல்டிப்ளையரும் சிறுமீன்களுக்கு நிலையுருளையும் எனப் பணிகள் பிரிந்திருந்தன.

இழுவைத்தடையின் கணக்கு

மேம்பாடு என்பது பெரிய ரீலை வாங்குவது மட்டுமன்று. அதன் மையம் இழுவைத்தடை ஆகும். மீன் குறிப்பிட்ட விசைக்கு மேல் இழுத்தால் உருளை வழுக்கி நரம்பை விட வேண்டும், அவ்விசைக்குக் கீழ் விடலாகாது. இதற்கென அடுக்கப்பட்ட வாஷர்களின் உராய்வே தடையைத் தருகிறது. நரம்பு அறும் விசையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தடையை அமைப்பது பொது வழக்கு.

ஆனால் இத்தடை நிலையானதன்று. உருளையிலிருந்து நரம்பு வெளியேறுந்தோறும் எஞ்சிய சுற்றின் ஆரம் குறைகிறது. உராய்வுத் திருப்புவிசை மாறாதிருக்க, ஆரம் பாதியானால் நரம்பின்மேல் விழும் இழுவை இருமடங்காகும். உருளை நிறைந்திருக்கும்போது 5 கிலோவாக அமைத்த தடை, ஆரம் பாதியாகும்போது 10 கிலோவாகிறது. அதனோடு நீரில் நீண்டு கிடக்கும் நரம்பின்மேல் நீரோட்டம் தரும் எதிர்ப்பும் சேர்கிறது. நெடுந்தொலைவு ஓடிய மீன் இறுதியில் அறுத்துக்கொண்டு போவதற்கு இவ்வியற்பியலே முதன்மைக் காரணம். நரம்பு மிகுதியாகக் கொள்ளும் அகன்ற உருளை பெருமீனுக்கு வேண்டப்படுவது நீளத்திற்காக மட்டுமன்று, ஆரம் விரைந்து குறையாமல் இருப்பதற்காகவும் ஆகும்.

தடை தொடங்கும் நொடியும் முக்கியமானது. பழைய கம்பளி வாஷர்கள் உலர்ந்தோ ஒட்டிக்கொண்டோ இருந்தால் முதற் பாய்ச்சலில் அவை உடனே வழுக்கா. நரம்பு அந்த நொடியிலேயே அறும். கார்பன் இழை வாஷர்கள் வெப்பத்தைத் தாங்குவதோடு சீராக வழுக்கவும் செய்தன. 1990களில் பரவிய உயர்மூலக்கூற்றுப் பாலிஎதிலீன் பின்னல் நரம்பு, அதே உறுதிக்கு நைலானைவிட மிக மெல்லியது. எனவே அதே உருளையில் கூடுதல் நீளம் கொண்டது. இவ்விரண்டும் சேர்ந்தபோதுதான் நிலையுருளை ரீலும் பெருமீன் கருவியாயிற்று. ஆயினும் ஒரு குறை தொடர்ந்தது. தடை வழுக்கிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றினால் நரம்பு உள்ளே வாராது, முறுக்கே ஏறும். ஐந்துக்கு ஒன்று என்னும் பற்சக்கர விகிதமுடைய ரீலில் ஒவ்வொரு கைச்சுற்றும் ஐந்து முறுக்குகளைத் தரும்.

பதிவில் இல்லாத உறுப்பு: பரிசல்

காவிரியின் மலைப்பகுதியில் பாறைகளும் விரைவோட்டங்களும் மிகுதி. அங்கு எவ்வளவு நரம்பு கொண்ட ரீலும் ஓரெல்லைக்குமேல் பயன்படாது. பாறை விளிம்பில் நரம்பு உராய்ந்தால் தடையின் கணக்கு பொருளற்றதாகிவிடும். அப்போது மீனைப் பின்தொடர வேண்டியிருந்தது. அதற்குதவியது பரிசல். பரிசல் மீனை நெருங்குந்தோறும் நரம்பு மீண்டும் உருளைக்கு வருகிறது, ஆரம் மீள்கிறது, இழுவை குறைகிறது. இயற்பியல் நோக்கில் பரிசலும் இழுவைத்தடை அமைப்பின் ஓர் உறுப்பே.

நீரோட்டத்தை அறிந்து பரிசலைச் செலுத்தியோரும், கேழ்வரகு மாவை இரையாகப் பிசைந்து கொடுத்தோரும் ஆற்றங்கரை மக்களே. வெளிநாட்டு ரீலின் பெயர் வேட்டைக் குறிப்புகளில் இடம்பெறும் அளவுக்கு அவர்களின் பெயர்கள் இடம்பெறவில்லை. தொழில்நுட்ப வரலாற்றை விற்பனைக்கு வந்த கருவிகளோடு நிறுத்திக்கொண்டால் இவ்வுழைப்பு மறைந்துவிடுகிறது.

எடைப் பதிவுகளை எவ்வாறு படிப்பது?

காவிரி வடிநிலத்தில் 1906இல் 104 பவுண்டு, 1919இல் 119 பவுண்டு, 1946இல் கபினியில் 120 பவுண்டு என மகசீர்ப் பதிவுகள் உள்ளன. இறுதியானது மைசூரின் புகழ்பெற்ற விலங்குப் பதப்படுத்தல் குடும்பத்தைச் சேர்ந்த ஜே. டி வெட் வான் இங்கன் பிடித்தது. இவ்வெண்களை மட்டும் நோக்கினால் மீன்கள் வளர்ந்துகொண்டே வந்தன என்று தோன்றும். இதே காலத்தில் 1911இல் கிருஷ்ணராஜசாகர் அணையும் 1925இல் மேட்டூர் அணையும் கட்டத் தொடங்கப்பட்டு, 1930களில் ஆற்றின் இயல்பே மாறிவிட்டிருந்தது. ஆகவே உயர்ந்துவரும் பதிவு மீனின் நலத்தைக் காட்டும் என்று கொள்ள இயலாது. ஒவ்வொரு பதிவும் அக்காலக் கருவி தாங்கக்கூடிய எல்லைக்குள் கிடைத்த மீனையே காட்டுகிறது. அறுத்துக்கொண்டு சென்ற மீனுக்கு எடை இல்லை.

1977இல் மூன்று இங்கிலாந்து இளைஞர்கள் காவிரிக்கு வந்து பெருமகசீர் இன்னும் உண்டென்று காட்டினர். அதன்பின் பீமேஸ்வரி, காலிபோர் போன்ற இடங்களில் தூண்டில் முகாம்கள் வளர்ந்தன. பிடித்த மீனை உயிருடன் விடுவது அங்கு விதியாயிற்று. சீரான தடையும் உறுதியான நரம்பும் போராட்ட நேரத்தைக் குறைக்கும். களைப்பு குறைந்த மீனே விடப்பட்டபின் பிழைக்கும். கொல்லுதற்குத் துணைநின்ற மேம்பாடு விடுதற்கும் துணைநின்றது.

பதிவேடு காட்டிய உண்மை

காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை பேணப்பட்ட பதிவேடுகளை ஆய்வாளர்கள் பின்னர் பகுத்தாய்ந்து 2015இல் வெளியிட்டனர். 23,000 மணிநேரத்திற்கு மேற்பட்ட தூண்டில் முயற்சியும் 6,000க்கு மேற்பட்ட மகசீர்களும் அவற்றில் அடங்கும். மணிநேரத்திற்குப் பிடிபட்ட மீன்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடியது. ஆனால் சராசரி எடை குறைந்தது. கூடியவை நீலத்துடுப்பு மகசீர்கள். அவை காவிரிக்கு உரியவை அல்ல, மகாராட்டிரத்தின் லோனாவாலாவில் வளர்க்கப்பட்டு ஆற்றில் விடப்பட்ட இனம். காவிரிக்கே உரிய திமில் மகசீர் அருகிக்கொண்டிருந்தது. அதன் இளமீன்கள் பதிவில் ஏறத்தாழ இல்லாமலே போயின.

இவ்வேடு இனவாரியாகப் பேணப்படாமல் மொத்த எண்ணிக்கையை மட்டும் தந்திருந்தால் காவிரி செழிக்கிறது என்றே பொருள்பட்டிருக்கும். நல்ல ரீலும் நிறைந்த பிடிப்பும் ஓர் இனத்தின் அழிவை மறைத்திருக்கும். 2012இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையில் முகாம்களில் தூண்டிலிடல் நின்றது. அதனோடு அப்பதிவேட்டுத் தொடரும் நின்றது. 2018இல் திமில் மகசீர், முன்னரே கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்ட 'டோர் ரெமாதேவி' என்னும் இனமே என அறுதியிடப்பட்டது. அவ்வாய்வுக்குத் தமிழகத்தின் மாயாற்று மீன்களும் சான்றாயின. அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை மிக அருகிய இனமாக அறிவித்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பெருமீன் வேட்டைக்கு முன் ரீலை மேம்படுத்தும் வழக்கம் தனிமனித விருப்பமாக மட்டும் அமையாமல், தென்னிந்திய ஆற்றின் இயல்பும் மீனின் வலிமையும் எழுப்பிய தொழில்நுட்பத் தேவையாகவும் இருந்தது. இரண்டாவது, எடைப் பதிவு ஒவ்வொன்றும் அக்கால ரீல், நூல், பரிசல் ஆகியவற்றோடு சேர்த்தே படிக்கப்பட வேண்டும். கருவி மாறிய காலங்களின் எண்களை நேராக ஒப்பிடுவது பொருந்தாது. மூன்றாவது, ஓர் இனத்தின் அழிவை வெளிப்படுத்தியது பெரிய மீன் பற்றிய புகழ்க்குறிப்பன்று. முயற்சி நேரத்தையும் இனத்தையும் பிரித்தெழுதிய எளிய நாட்பதிவேடே ஆகும். வேட்டை இலக்கியத்தைச் சூழலியல் வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்வோர் பிடிபட்ட மீனைப் போலவே பிடித்த கருவியையும் ஆவணமாகக் கொள்ளுதல் வேண்டும்.